எச்சிலும் கிருமியும்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வடநாட்டிலே ரயிற் பயணம் செய்தோர் ஒரு கூக்குரலைக் கேட்டிருப்பர். வண்டி நிலையத்தில் நின்றதும், 'ஹிந்து பானி' என்று ஒருவனும், 'முசல்மான் பானி' என்று மற்றொருவனும் தண்ணீர் கொண்டுவருவார்கள். ஒருவர் கலத்தை மற்றவர் தொடலாகாது என்பதே ஏற்பாடு. கிருமிக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடன்று அது.

எச்சில் என்னும் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்டு இடர்ப்படாதவர் இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் இடர்ப்பட்டிருக்கிறோம். வாய்நீர் என்பதும் அதன் பொருள். பிறர் வாய் பட்ட பண்டம் என்பதும் பொருள். அருவருப்பும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலத்தில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கும் நல்வழக்கம் இவ்வுணர்ச்சியால் வந்ததே. ஆனால் இவ்வருவருப்பு வாயோடு நின்றதா? ஆளைப் பார்த்தும் பிறப்பைப் பார்த்தும் அல்லவா வளர்ந்தது!

அமெரிக்காவிலே இதற்கு நேர்மாறான நிலை. பள்ளிகளிலும் ரயில்களிலும் தண்ணீர்த் தொட்டியருகே ஒரே குவளை இருக்கும். வந்தவரெல்லாம் அதிலேயே வாய் வைத்துக் குடிப்பர். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்ட பின்னரும் இவ்வழக்கம் நீடித்தது. கான்சஸ் மாநிலச் சுகாதார அதிகாரியான டாக்டர் சாமுவேல் கிரம்பைன், ரயிலில் காசநோயாளி குடித்த குவளையிலேயே அடுத்து ஒரு குழந்தை குடிக்கக் கண்டு திடுக்கிட்டார். 1909-இல் அம்மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. லாரன்ஸ் லூயலன் என்பார் ஏறத்தாழ அதே காலத்தில் காகிதக் குவளையை உருவாக்கினார்.

காசம் காற்று வழியே பரவுவதன்றிக் குவளை வழியே பரவுவதில்லை என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆகவே கிரம்பைன் கொண்ட அச்சம் பெரும்பாலும் இலக்குத் தவறியதே. எனினும் வாய்நீரால் பரவும் பிற நோய்கள் உண்டு; தடை வீண்போகவில்லை.

நம் நாட்டிலோ, எதை விலக்க வேண்டுமோ அதை விட்டு, மனிதனை விலக்கினோம். மகாராஷ்டிரத்து மஹாத் நகரின் சவதார் குளத்தில் ஆடு மாடுகள் நீர் குடிக்கத் தடையில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். குளம் தீட்டுப்பட்டதென்று மேற்சாதியார் 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து அதில் ஊற்றிச் சுத்தி செய்தனர்! குடிநீரிலே சாணம் கலப்பதைச் சுத்தி என்று சொல்வதற்கு எந்த மொழியிலும் நமக்குச் சொல் அகப்படவில்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. உணவு விடுதிப் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதன் பின்னும் பல சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை தொங்கியது. தமிழகத்தில் அதற்கு இரட்டைக் குவளை முறை என்றே பெயர்.

காலராவின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். காக் கல்கத்தாவுக்கு வந்து, 1884-இல் அந்நகரத்துக் குளமொன்றின் நீரிலே காலராக் கிருமியைக் கண்டார். நூறாண்டு கழித்து, 1980-களில், அதே நகரின் சேரிகளில் ஆராய்ச்சியாளர் சிலர் காலரா கண்ட வீடுகளுக்குச் சொராய் எனப்படும் குறுங்கழுத்து மண்கலத்தைக் கொடுத்துப் பார்த்தனர். வாயகன்ற பானையில் எல்லோரும் கையோடு குவளையை முக்கியெடுப்பர்; கையிலுள்ள கிருமி நீரில் இறங்கிவிடும். சொராயிலே கை நுழையாது, சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். அக்கலம் வைத்திருந்த வீடுகளில் காலராத் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஊற்றுபவர் கை யாருடையது என்று அந்த மண்கலம் கேட்டதில்லை.