ஆங்கிலோ சாக்சனியரும் அவர்தம் தாய்மொழியும்

தோட்டத்து அலுவலகப் பேரேட்டில் நாள்தோறும் கிழமைப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவரும் நாம், அப்பெயர்களின் பிறப்பை நெடுங்காலம் வினவினோமில்லை. ‘வெட்னஸ்டே’ என்பது வோடன் என்னும் பழந்தெய்வத்தின் நாள்; ‘தர்ஸ்டே’ என்பது இடித்தெய்வமாகிய துனோருக்குரிய நாள். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில், அம்மொழி அரியணையிலேயே பிறந்தது போலும் என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சரித்திரம் நமக்குக் காட்டிற்று. அதனை நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. 410-ஆம் ஆண்டையொட்டி ரோமானியர் ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கிற்று. அதன்பின் வட ஜெர்மனியிலிருந்தும் டென்மார்க்குப் பக்கத்திலிருந்தும் ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டர் முதலியோர் கடல் கடந்து வந்து குடியேறினர். இவர்கள் கலப்பற்ற ஓர் இனத்தார் என்று பிற்காலத்தார் சிலர் பெருமை பேசியதுண்டு. பழைய இடுகாடுகளின் எலும்புகளை ஆராய்ந்து 1922-இல் அன்று, அண்மையில் 2022-இல் வெளிவந்த ஆய்வோ, வந்தேறியோர் பெருந்தொகையினர் என்பதையும், அவர்கள் அந்நாட்டுப் பழங்குடிகளோடு கலந்து வாழ்ந்தனர் என்பதையும் ஒருங்கே மெய்ப்பித்தது. இரத்தத் தூய்மை என்பது அங்கும் வெறுங்கதையே.

597-இல் ரோமிலிருந்து அகஸ்டீன் என்னும் துறவி கென்ட் நாட்டிற்கு வந்து கிறிஸ்தவ சமயத்தைப் பரப்பினார். சமயத்தோடு இலத்தீன் மொழியும் வந்தது. கல்வியென்றால் இலத்தீன், வழிபாடென்றால் இலத்தீன் என்றாயிற்று. ஆங்கிலமோ உழவரும் இடையரும் பேசும் வீட்டுமொழி. ஆயினும் கென்ட் அரசன் எதெல்பெர்ட் தன் நாட்டுச் சட்டங்களை ஆங்கிலத்திலேயே எழுதுவித்தான் என்பது குறிக்கத்தக்கது.

அம்மொழியில் பெயரறியப்பட்ட முதற்கவிஞன் ஒரு மாட்டுக்காரன். ஏழாம் நூற்றாண்டில், ஹில்டா என்னும் அம்மையார் தலைமை வகித்த விட்பி மடத்தில் கேட்மன் என்பவன் கால்நடைகளைக் காத்து வந்தான். விருந்துகளில் யாழ் கைம்மாறி வர, ஒவ்வொருவரும் பாடுவது வழக்கம். யாழ் தன்பால் நெருங்குவது கண்டதும், பாடத்தெரியாத கேட்மன் நாணி எழுந்து போய்விடுவான். ஓரிரவு கொட்டிலில் உறங்குகையில், படைப்பைப் பற்றிப் பாடுமாறு ஒருவர் கனவில் ஏவப் பாடினானாம். மடத்தார் அவன் பாட்டைக் கேட்டு வியந்து, தம்மோடு சேர்த்துக்கொண்டனர். இவ்வரலாற்றை 731-இல் முடித்த தம் நூலில் எழுதிவைத்தவர் பீட் என்னும் துறவி. கனவு மெய்யோ பொய்யோ, நாம் அதனைப் பற்றி வழக்காடவில்லை. எழுத்தறியாத மாட்டுக்காரனின் பாட்டைப் படித்தோர் இகழாது ஏற்றனர் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

793-இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கடற்கொள்ளையர் சூறையாடினர். பின்னர் டேனியர் படைகள் நாட்டையே விழுங்கின. வெசெக்ஸ் அரசன் ஆல்பிரட் 878-இன் தொடக்கத்தில் ஏதெல்னி என்னும் சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. அவ்வாண்டிலேயே எடிங்டன் போரில் வென்று நாட்டை மீட்டான். வாளால் மீட்டதை ஏட்டால் காக்க வேண்டுமென்று அவன் உணர்ந்ததே அவனது உண்மையான பெருமை. நாட்டில் இலத்தீன் கல்வி அழிந்துபோனது கண்டு வருந்தி, மக்கள் அறியவேண்டிய நூல்களைத் தாய்மொழியிற் பெயர்க்கச் செய்தான். தானும் அப்பணியில் முனைந்தான். வசதியுள்ள சுதந்தரக் குடிகளின் பிள்ளைகள் யாவரும் முதலில் ஆங்கிலம் படிக்கக் கற்கவேண்டும் என்பது அவன் விருப்பம்.

ஆனால் ‘சுதந்தரக் குடிகள்’ என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். அச்சமுதாயத்தில் ஒருவனைக் கொன்றால் அவன் தகுதிக்கேற்ப ஈட்டுப்பணம் செலுத்தவேண்டும். வெசெக்ஸ் நாட்டில் எளிய குடியானவன் உயிருக்கு 200 ஷில்லிங். பிரபுவின் உயிருக்கு 1200. அடிமைக்கோ அவ்வளவும் இல்லை. அவன் மற்றொருவனின் உடைமை. 1086-இல் எடுத்த பெருங்கணக்கில் பதிவானோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமைகள்! எல்ப்ரிக் என்னும் ஆசிரியர் மாணவர்க்கு இலத்தீன் கற்பிக்க எழுதிய உரையாடலில், ஓர் உழவன் பேசுகிறான். ஆண்டைக்கு அஞ்சி, கடுங்குளிரிலும் விடியற்காலையில் ஏர் பூட்டப் புறப்படுவதையும், தான் சுதந்தரன் அல்லன் என்பதையும் சொல்லி வருந்துகிறான். இருள் பிரியுமுன் பெரட்டுக்கு எழுந்து நின்ற நம் மக்களுக்கு அவன் குரலை விளக்கவும் வேண்டுமோ?

1066-இல் நார்மானியர் வென்றனர். அரசவையில் பிரெஞ்சு ஏறிற்று. ஆங்கிலம் மீண்டும் குடிசைக்கு இறங்கிற்று. பீட்டர்பரோ மடத்தார் மட்டும் தம் ஆண்டுக்குறிப்பை 1154 வரை ஆங்கிலத்தில் எழுதி வந்தனர். 3,182 அடிகள் கொண்ட பேவுல்ப் காவியம் ஒரே ஓர் ஏட்டில் தப்பியது. அவ்வேடும் 1731-இல் தீயில் ஓரங்கருகியது. எனினும் மொழி மாளவில்லை. வயலிலும் அடுப்பங்கரையிலும் வாழ்ந்து, 1362-இல் நீதிமன்றங்களில் வழக்குரைக்கும் மொழியாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. அப்போது அது நார்மானியர் சொற்களைப் பெரிதும் ஏற்று, தன் உருவமும் மாறியிருந்தது.

ஆகவே, எம்மொழியும் பிறப்பால் உயர்ந்ததன்று, எம்மனிதனும் அங்ஙனமே. ஆளும் மொழியைக் கற்று அதனாற் சோறுண்ணும் நாம் அதனைப் பழிக்க வரவில்லை. அம்மொழியும் ஒரு காலத்தில் நாணித் தலைகுனிந்து விருந்தைவிட்டு எழுந்து போனதுதான் என்பதையே நினைவூட்டுகிறோம். அதனைக் காத்தவர்கள் இருவகையினர்: அதிற் பேசுவதை நிறுத்தாத உழைப்பாளிகள், அதிற் கற்பிக்க நாணாத படித்தவர்கள். முன்னவர் நம்மிடையே என்றும் குறைந்ததில்லை. பின்னவர் எத்துணையர் என்பதைப் படித்த நாம் ஒவ்வொருவரும் நம் நெஞ்சையே கேட்போமாக.