இரவற் குரல்கள்: இத்தாலிய கௌபோய்த் திரைப்படங்களும் குரற் கலைஞரும்

திரைப்படம் ஒவ்வொன்றுக்கும் மூலமொழி ஒன்று உண்டு; பிறமொழிக் குரல்கள் பின்னரே அதன்மீது ஏற்றப்படுகின்றன என்பது பொதுவான எண்ணம். 1960களிலும் 1970களிலும் இத்தாலியில் உருவான கௌபோய்த் திரைப்படங்களை நோக்குமிடத்து இவ்வெண்ணம் நிலைபெறாது போகின்றது. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு மூலக்குரல் என்று சுட்டத்தக்கது எதுவுமில்லை. அங்கு குரலேற்றம் ஒட்டுவேலையன்று. உற்பத்தி முறையின் ஓர் உறுப்பேயாகும்.

இம்முறையின் வேர்களைப் பாசிச ஆட்சிக் காலத்திற் காணலாம். 1930 இல் முசோலினி அரசு பிறமொழி உரையாடல் கொண்ட படங்களைத் தடைசெய்தது. 1933 இல், குரல் மாற்றும் பணி இத்தாலியிலேயே நடைபெறல் வேண்டுமென விதித்தது. தேசிய மொழியைக் காத்தல் என்ற பெயரில் எழுந்த இவ்விதிகள் தணிக்கைக்கும் துணைபோயின. வசனத்தை மாற்றும் அதிகாரம் பெற்றவன் கருத்தையும் மாற்றலாமன்றோ? அவ்வாட்சி 1940களில் வீழ்ந்தது. ஆயின், அது வளர்த்துவிட்ட தேர்ந்த குரற் கலைஞரும், பார்வையாளரின் செவிப்பழக்கமும் எஞ்சிநின்றன.

1964 இல் செர்ஜியோ லியோனே இயக்கிய ‘ஒரு பிடி டொலர்களுக்காக’ என்னும் படம் இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாகும். பல நாட்டு நடிகர்கள் அதிற் பங்குகொண்டனர். பல மொழி பேசுவோர் ஒருங்கு நடித்த இத்தகைய படங்களுக்குப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்திற் குரல் சேர்ப்பதே செலவு குறைந்த வழியாயிற்று. கிளின்ற் ஈஸ்ற்வூட்டின் முகத்தைத் திரையிற் கண்ட இத்தாலியர் கேட்டதோ என்றிக்கோ மரியா சலேர்னோ என்னும் நாடக நடிகரின் குரலை. ஜேர்மானியருக்கு அதே முகம் கிளவுஸ் கிண்ட்லரின் குரலிற் பேசிற்று. 1967 இல் அப்படம் அமெரிக்காவில் வெளியானபோதே ஈஸ்ற்வூட் தம் சொந்தக் குரலில் ஒலித்தார்.

இத்தாலிய நடிகரும் இதற்கு விலக்கல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. ‘ரிறினிற்றி’ படங்களாற் புகழ்பெற்ற ரெறன்ஸ் ஹில், பட் ஸ்பென்சர் ஆகிய இருவரும் இத்தாலியரே. மாரியோ ஜிறொற்றி, கார்லோ பெதர்சோலி என்பன அவர்தம் இயற்பெயர்கள். ஆயினும் தம் தாய்மொழியிலேயே அவர்கள் பிறர் குரலில், முறையே பீனோ லொக்கி, கிளவுக்கோ ஒனொறாற்றோ ஆகியோரின் குரல்களிற் பேசினர்.

குரல் மாறின் பொருளும் மாறும் என்பதற்கு ஜேர்மனி சான்றாகும். அங்கு றைனர் பிறான்ற் போன்ற வசனகர்த்தாக்கள் மூலத்தில் இல்லாத கேலி வசனங்களைத் தாமே புனைந்து சேர்த்தனர். ‘ரிறினிற்றி’ வரிசையில் 1971 இல் வந்த இரண்டாம் படத்திற்கு 1982 இல் நகைச்சுவை மிகுந்த புதிய ஜேர்மன் குரலேற்றம் செய்யப்பட்டது. ஒரே காட்சி, ஆனால் வேறொரு படம்.

1966 இல் வெளியான ‘நல்லவன், கெட்டவன், அழகற்றவன்’ படத்தின் வரலாறு இதனினும் சிந்தனைக்குரியது. ஆங்கிலப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்த காட்சிகள் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பில் மீளச் சேர்க்கப்பட்டன. ஈஸ்ற்வூட்டும் ஈலை வாலக்கும் முதுமை எய்திய குரலில் தம் இளமை உருவங்களுக்குப் பேசினர். லீ வான் கிளீவ் 1989 இலேயே காலமாகிவிட்டமையால், அவருக்கு சைமன் பிறெஸ்கொற் குரல் கொடுத்தார். தம் முகத்துக்குத் தாமே பேசுவதுங்கூட ஒருவகை இரவற் குரலாக முடிந்தமை இங்கு புலனாகின்றது.

திரைப்பட வரலாறு இதுகாறும் பெரும்பாலும் இயக்குநரின் வரலாறாகவும் நட்சத்திரங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. குரற் கலைஞரோ சுவரொட்டிகளில் இடம்பெறாத தொழிலாளராகவே நின்றனர். மக்கள் திரையரங்கினின்று வெளியேறியபோது உதடுகளில் ஏந்திச்சென்ற வசனங்கள் அவர்களுடைய மூச்சிற் பிறந்தவை. முகத்துக்குரியவனின் பெயரை மட்டும் பதிந்துவிட்டுக் குரலுக்குரியவனின் உழைப்பை மறக்கும் வரலாறு பாதி வரலாறேயாகும்.