ஒரு சொல்லும் ஒரு பல்லும்

கதை எழுதுகிறவனுக்கு உரையாடலில் வரும் முதல் தொல்லை, யார் யாரை 'நீ' என்று கூப்பிடுவது என்பதுதான். மாமியார் மருமகளை, முதலாளி குமாஸ்தாவை, அண்ணன் தம்பி மனைவியை - ஒவ்வோர் இடத்திலும் அந்த ஒரு சொல்லிலேயே பாதிக் கதை வந்துவிடுகிறது. என் பழைய கதையொன்றில், இருபது வயதுப் பண்ணையார் மகன் அறுபது வயது வண்டிக்காரரை 'நீ' என்று பேசுவதாக எழுதியிருந்தேன். "அந்தப் பையனை அறைய வேண்டும் போல் இருந்தது" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டார். கதையில் அந்தப் பையன் வேறு ஒரு குற்றமும் செய்யவில்லை.

பிரெஞ்சு மொழியிலும் இந்த வித்தியாசம் உண்டு. 'தூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். இங்கிலீஷில் இது இல்லை. ஆகவே, பத்ரீஸ் லுமும்பாவின் புகழ்பெற்ற பிரசங்கத்தை இங்கிலீஷில் படிக்கிறவர்கள் ஓரிடத்தில் நின்று விளக்கம் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை.

1960-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி. காங்கோவின் தலைநகரம் லியோபோல்ட்வில், இன்றைய கின்ஷாஸா. பெல்ஜியத்தின் இளம் மன்னர் போதுவான் சுதந்திரம் வழங்க வந்திருக்கிறார். தம் முன்னோரான இரண்டாம் லியோபோல்டின் மேதையை மன்னர் வாயாரப் புகழ்கிறார். அந்த லியோபோல்ட் யார்? 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக ஜனங்களின் கைகளை வெட்டிய ஆட்சிக்கு அதிபதி. கொடுத்த ரப்பர் போதவில்லை என்றால் சவுக்கு, சிறை, துப்பாக்கி. அவர் பேரைச் சொல்லித்தான் சுதந்திரம் பரிமாறப்பட்டது!

ஜனாதிபதி காசவூபு மரியாதையாகப் பதில் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் அத்துடன் பேச்சு முடிந்தது. ஆனால் 34 வயதுப் பிரதம மந்திரி எழுந்துவிட்டார். சுதந்திரம் யாரும் கொடுத்த தானமல்ல, போராடிப் பெற்றது என்றார். காலையும் மதியமும் மாலையும் வாங்கிய அடிகளைச் சொன்னார். கறுப்பனை 'தூ' என்று கூப்பிட்டது சிநேகத்தினால் அல்ல, 'வூ' என்ற மரியாதை வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதாக இருந்ததனால்தான் என்றார். மன்னர் முகம் சிவந்தது. புறப்பட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாராம். பகல் விருந்தில் லுமும்பா சமாதானமாகச் சில வார்த்தைகள் பேசியும் பார்த்தார். ஆனால் காலையில் பேசியதைத் திரும்ப வாங்க முடியுமா?

அப்படிப் பேசியவர் யார் என்று பார்த்தால், ஒரு தபால் குமாஸ்தா! 1925-ல் கசாயிப் பிரதேசத்தில் ஓனாலுவா என்ற கிராமத்தில் பிறந்தவர். பெல்ஜியர் 'நாகரிகம் அடைந்த' கறுப்பருக்கு ஒரு சீட்டு வழங்கினார்கள். அதற்கு விண்ணப்பம் போட்டால் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, எப்படிச் சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்று பரிசோதிப்பார்கள். லுமும்பாவும் அந்தச் சீட்டுக்கு ஆசைப்பட்டவர்தான். முதலில் மறுத்துவிட்டு, 1954-ல்தான் கொடுத்தார்கள். பிறகு தபால் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1956-ல் சிறைக்குப் போனார். வெளியே வந்து பீர் கம்பெனிக்கு விற்பனையாளரானார். 1958 அக்டோபரில் 'காங்கோ தேசிய இயக்கம்' தொடங்கினார். அவ்வருஷம் டிசம்பரில் அக்ரா நகரில் கூடிய ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டுக்குப் போய்வந்தார். அதன்பின் அவர் சீட்டுக் கேட்கவில்லை; தேசத்தைக் கேட்டார்.

தேசம் கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட தேசம்! சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற காங்கோக்காரர் சுமார் இருபது பேருக்கு மேல் இல்லை. ராணுவத்தில் ஓர் அதிகாரிகூடக் கறுப்பர் இல்லை. சுதந்திரம் வந்த ஐந்தாம் நாள், பெல்ஜியத் தளபதி கரும்பலகையில் 'சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்' என்று சோல்ஜர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றே கலகம் மூண்டது. ஜூலை 11-ல், செம்பும் கோபால்ட்டும் கொழிக்கும் கடாங்கா மாகாணத்தை ஷோம்பே தனி நாடு என்றார். பெல்ஜியர் பின்னால் நின்றார்கள். ஐ.நா. படை வந்தது, ஆனால் கடாங்காவை அடக்க மறுத்தது. லுமும்பா ரஷ்யாவிடம் உதவி கேட்டார். அத்துடன் அமெரிக்காவின் கோபமும் சேர்ந்துகொண்டது. அவரை விஷம் வைத்துக் கொல்லத் திட்டம் இருந்ததை 1975-ல் அமெரிக்க செனட் குழுவே விசாரித்து எழுதியிருக்கிறது.

அவர் கையிலும் கறை உண்டு. 1960 ஆகஸ்டில் தெற்குக் கசாயிக்கு அவர் அனுப்பிய ராணுவம் லூபா ஜனங்களைக் கொன்று குவித்தது. மாலை போடுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். தூற்றுகிறவர்கள் இதை மட்டுமே சொல்கிறார்கள். இரண்டு கூட்டத்திலும் சேராமல் அவரை நினைக்க முடியும் என்றே நம்புகிறேன்.

செப்டம்பர் 5-ல் காசவூபு அவரைப் பதவி நீக்கினார். 14-ல் மொபூட்டு ராணுவ பலத்தால் அதிகாரத்தைப் பிடித்தார். லுமும்பாவின் வீட்டைச் சுற்றி ஐ.நா. காவல், அதற்கு வெளியே மொபூட்டுவின் காவல். அப்போது காங்கோவில் ஐ.நா. பிரதிநிதியாக இருந்தவர் நம் நாட்டு ராஜேஷ்வர் தயாள். நவம்பர் 27 இரவு லுமும்பா தப்பினார். வழியெல்லாம் கிராமத்தார் நிறுத்தி நிறுத்திப் பேசச் சொன்னார்கள், அவரும் பேசினார். டிசம்பர் முதல் தேதி பிடிபட்டார். 1961 ஜனவரி 17-ந் தேதி கடாங்காவுக்கு விமானத்தில் கொண்டுபோய், வழிநெடுக அடித்து, அன்றிரவே மொபோலோ, ஒகிட்டோ என்ற இரு சகாக்களுடன் சுட்டுக் கொன்றார்கள். பெல்ஜிய அதிகாரிகளும் பக்கத்தில் இருந்தார்கள். பிறகு ஒரு பெல்ஜியப் போலீஸ் கமிஷனர் உடலைத் தோண்டி எடுத்து, துண்டாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்தார். சமாதி என்று ஒன்று இருந்தால் ஜனங்கள் வந்துவிடுவார்களே!

கரைத்தவர் ஞாபகத்துக்கு இரண்டு பற்களை எடுத்துவைத்துக்கொண்டாராம். இதை ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து அவரே தொலைக்காட்சியில் சொன்னார்.

1966-ல் மொபூட்டு லுமும்பாவைத் 'தேசிய வீரர்' என்று அறிவித்தார். காட்டிக்கொடுத்தவன் கையாலேயே மாலை! அதைவிட மலிவான மரியாதை உண்டா? மாஸ்கோவில் ஒரு சர்வகலாசாலைக்கு 1961-ல் அவர் பெயரை வைத்தார்கள். 1992-ல் எடுத்தார்கள். 2023-ல் மறுபடி வைத்தார்கள். பெயருக்குத்தான் எத்தனை உபயோகம்!

அவர் குடும்பம் கேட்டது வேறு. 2001-ல் பெல்ஜியப் பாராளுமன்றக் குழு தங்கள் நாட்டுக்கு இதில் தார்மிகப் பொறுப்பு உண்டு என்றது. அடுத்த வருஷம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. 2016-ல், அந்தக் கமிஷனரின் மகளிடமிருந்து தங்கம் பூசிய ஒரு பல்லைப் போலீஸார் கைப்பற்றினார்கள். பரிசோதித்தால் பல்லே அழிந்துவிடும் என்று சோதனை செய்யவில்லை. 2020-ல் மகள் ஜூலியானா பெல்ஜிய மன்னருக்குக் கடிதம் எழுதி, தகப்பனாரின் மிச்சத்தைக் கேட்டார். நம் வீடுகளில் காடாற்றுக்குப் போய் எலும்பு பொறுக்கி, பாலூற்றி, கலயத்தில் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த மகளின் மனசு தெரியாதா? அறுபது வருஷம் அவள் எதைக் கொண்டுபோய் எந்த ஆற்றில் விடுவாள்?

2022 ஜூன் 8-ந் தேதி, போதுவானின் தம்பி மகனான மன்னர் பிலிப் கின்ஷாஸாவில் பேசினார். அந்த ஆட்சி சமத்துவமற்றது, நியாயப்படுத்த முடியாதது, இனவெறி கொண்டது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனாலும் 62 வருஷங்களுக்கு முன் அதே நகரில், அழைக்காமலே எழுந்து நின்று ஒரு தபால் குமாஸ்தா சொன்ன சேதிதான் அது. பெரியப்பா கேட்டு முகம் சிவந்ததைத் தம்பி மகன் தன் வாயால் சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்து, பிரஸ்ஸல்ஸில் அந்தப் பல்லை ஒரு சிறு நீலப் பெட்டியில் வைத்துக் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். ஒரு பல்லுக்காக ஆளுயரச் சவப்பெட்டி. அது ஓனாலுவாவுக்குப் போயிற்று. அவர் உத்தியோகம் பார்த்த ஸ்டான்லிவில்லுக்குப் போயிற்று. சுடப்பட்ட இடத்துக்கும் போயிற்று. ஜூன் 30-ந் தேதி, அந்தப் பிரசங்கம் செய்த அதே தேதியில், கின்ஷாஸாவில் அடக்கம் செய்தார்கள்.

அன்றைய படங்களைப் பார்த்தேன். சிப்பாய்கள் விறைப்பாக நின்று சலாம் வைக்கிறார்கள். எல்லாரும் அவரை 'நீங்கள்' என்றுதான் விளித்திருப்பார்கள்.