ஷிஸுவோகாவின் சிற்றுருவத் தொழில்

ஜப்பானில் டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் அடர்ந்த மலைக்காடுகளும் சூழ அமைந்த ஷிஸுவோகா நகரத்தை வெளியூரார் பெரும்பாலும் அதன் தேயிலையைக் கொண்டும் ஃபூஜி மலையின் தரிசனத்தைக் கொண்டுமே அறிவர். ஆயினும், பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி, வர்ணம் தீட்டி, விமானமும் கப்பலும் டாங்கியுமாக வீட்டு மேஜையின்மேல் உருவாக்கி மகிழும் அபிமானிகளுக்கு அதுவே தலைநகரம். டாமியா, ஹாசெகாவா, ஆவோஷிமா, ஃபூஜிமி என்னும் நான்கு பிரசித்தமான நிறுவனங்களும் அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே வேரூன்றி வளர்ந்தன.

இதற்குக் காரணம் மரம். சும்பு என்ற பழம்பெயரோடு விளங்கிய இந்நகரில், ஷோகுன் பதவியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு 1607இல் வந்து தங்கிய தோக்குகவா இயேயாசுவின் காலத்திலும், அவருடைய பேரர் இயேமித்சு செங்கென் ஆலயத்தைப் புதுப்பித்த காலத்திலும், பல திசைகளிலிருந்து வரவழைக்கப்பட்ட தச்சரும் செதுக்கு வேலைக்காரரும் அரக்குப் பூசுவோரும், திருப்பணி முடிந்த பின்னும் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பம் குடும்பமாக நிலைத்துவிட்டனர் என்பது ஊரார் பெருமையோடு சொல்லும் சரித்திரம். அவர்கள் வழிவந்த மரவேலை மரபு தழைத்த ஊரில், விமான மோகம் மிகுந்த ஒருவர் 1924இல் ஆவோஷிமாவை ஸ்தாபித்து மரத்தாலான மாதிரி விமானங்களை விற்கத் தலைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

1945 ஜூன் மாதத்து விமானக் குண்டுவீச்சில் நகரம் எரிந்து சாம்பலாயிற்று. மறு வருஷமே யோஷியோ டாமியா என்பவர் ஒரு மர அறுவை ஆலையைத் தொடங்கினார். வீடிழந்த ஜனங்களுக்கு மரம் தேவைப்பட்ட காலம் அது. உப தொழிலாக அவர் ஆரம்பித்த மர மாதிரிக் கப்பல்களே, 1951இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பிறகு பிரதான தொழிலாகி, 1953இல் அறுவை வேலையை அடியோடு நிறுத்தச் செய்தன. அக்காலத்துப் பெட்டிக்குள் முரட்டுத்தனமாக இழைத்த மரத்துண்டுகளும் ஒரு வரைபடமுமே இருக்கும். கப்பலின் அடிப்பாகத்தைச் செதுக்கி எடுப்பது வாங்கிய சிறுவனின் பொறுப்பு.

ஆணித்தலை முதற்கொண்டு அச்சிலேயே பதிந்து வந்த அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் 1950களில் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும், மர மாதிரிகள் விலைபோகாமல் தேங்கலாயின. 1960இல் டாமியா தயங்கித் தயங்கி வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் மாதிரியாகிய யமாட்டோ போர்க்கப்பல், போட்டியாளர் அதே கப்பலை மலிவாக விற்றமையால், நஷ்டத்தையே தந்தது. தந்தைக்குத் துணையாக வந்திருந்த ஷுன்சாகு டாமியா, அதன்பின் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியைத் தேர்ந்தெடுத்து, மோட்டார் வைத்து ஓடும்படி அமைத்து, ஷிகேரு கொமாட்சுசாகி என்ற கைதேர்ந்த ஓவியரைக்கொண்டு பெட்டிக்குப் படம் எழுதுவித்தபோதுதான் அதிர்ஷ்டம் திரும்பிற்று. பாட்டரியும் பற்சக்கரங்களும் வயிற்றுக்குள் அடங்க வேண்டுமே என்ற நிர்ப்பந்தத்தால் ஏற்பட்ட முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவு, பிற்பாடு உலகெங்கும் டாங்கி மாதிரிகளுக்குப் பிரமாணமாகிவிட்டது!

வார்ப்பச்சு செய்வதற்குப் பிறரை நம்பியிருந்த நிலையை மாற்றி, தம் தொழிற்சாலையிலேயே அச்சுப் பிரிவை நிறுவிய அவர், அளவெடுப்பதற்காக அமெரிக்காவில் மேரிலாந்தில் அப்போதிருந்த ஆபர்டீன் ராணுவக் காட்சிசாலை வரை சென்றார். ஒரு போர்ஷே காரை விலைக்கு வாங்கி, அதன் அமைப்பை அறியும்பொருட்டு அக்கக்காகக் கழற்றவும் செய்தார். ஆலயத் தூணைச் செதுக்கியவர்களின் ஊரில், கண்ணுக்குத் தெரியாத உட்பாகத்தையும் உள்ளபடி செய்ய வேண்டுமென்ற இந்தச் சிரத்தை பிறந்தது தற்செயலன்று என்றே நான் கருதுகிறேன்.

பிளாஸ்டிக் வந்து கைத்திறனைக் கெடுத்தது என்போருடன் நான் உடன்படவில்லை. சட்டத்தில் கோத்து வரும் உறுப்பை வெட்டி, காம்பின் தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, இரு பாதிகளை விரலால் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் நீர்த்த பசையைத் தூரிகை நுனியால் தொட்டதும், அது இடுக்கு முழுவதும் தானே ஓடி, இருபுறத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பிறகு வர்ணம்: தளச்சாயம் உலர்ந்தபின் நீர்க்கக் கரைத்த கறுப்பைப் பூசினால் பள்ளங்களில் நிழல் தங்கும், வெளிர்சாயம் தோய்த்த தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு மேட்டு விளிம்புகளில் இலேசாக உராய்ந்தால், புத்தம்புதிய டாங்கி பல மாதம் புழுதியில் உழன்றதாகிவிடும். செதுக்கும் உளி போயிற்று. அந்த உளி வேண்டிய பொறுமையும் கண்கூர்மையும் தூரிகைக்கு வந்து சேர்ந்தன.

உள்ளூர் உற்பத்தியாளர்கள் 1959இல் வியாபாரிகளுக்காகத் தொடங்கிய வருடாந்தரக் கண்காட்சியோடு, 1990 முதல், வீட்டில் மாதிரி செய்வோரின் சங்கங்கள் தத்தம் கைவேலைகளைக் கொண்டுவந்து வைக்கும் கூட்டுக் காட்சியும் சேர்ந்து நடைபெறுகிறது. தாம் அச்சிட்டு அனுப்பிய சாம்பல்நிறத் துண்டுகளை முன்பின் அறியாத ஒருவர் துருவும் சேறும் படிந்த டாங்கியாக்கி வைத்திருப்பதை, அவற்றைச் செய்த கம்பெனியாரே அங்கு வந்து பார்க்கலாம்.