புகை வரைபடம் பிறந்த கதை

2018 நவம்பர் 8 அன்று, வட கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற மலையூரைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் மாண்டார்கள். 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் புகை கவிந்து கிடந்தது. அங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இப்போது எங்கள் தெருவில் பிள்ளையை வெளியே அனுப்பலாமா?

அரசின் அளவீட்டு நிலையங்கள் துல்லியமானவை. ஆனால் விலை அதிகம் என்பதால் எண்ணிக்கையில் குறைவு. அவை சொல்லும் காற்றுத் தரக் குறியீடும் பல மணி நேர அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. புகையோ காற்று திரும்பினால் சற்று நேரத்தில் ஒரு பள்ளத்தாக்கை விட்டு அடுத்ததில் இறங்கிவிடும். எனவே மக்கள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது வேறொரு வரைபடத்தை. அதன் பெயர் பர்ப்பிள்ஏர்.

அதன் தொடக்கம் தீயில் இல்லை, தூசியில். யூட்டா மாநிலத்தின் டிரேப்பரில், வீட்டுக்கு அருகே இருந்த ஜல்லிக் குவாரியின் தூசியை அளக்க ஏட்ரியன் டிப்வாட் என்பவர் 2015-இல் ஒரு சிறு கருவி செய்தார். உள்ளே ஒரு விசிறி காற்றை இழுக்கும். அதன்மேல் லேசர் ஒளி பாயும். துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அவற்றின் அளவைக் கணக்கிடும். வெளியில் மாட்டும் கருவியில் இப்படி இரண்டு சென்சார்கள் உண்டு; ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். சில நூறு டாலருக்குக் கிடைத்ததால் ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களில் அது ஏறியது; அவை அனுப்பும் அளவுகள் சேர்ந்ததே அந்த வரைபடம்.

ஆனால் காட்டுத்தீப் புகையை அது ஏறக்குறைய இரு மடங்காகக் காட்டியது. அரசு ஓர் எண் சொல்ல, பக்கத்து வீட்டுக் கருவி வேறோர் எண் சொன்னது. இப்படி முரண்பட்டால் பலர் இரண்டையுமே நம்பாமல் விட்டுவிடுவார்கள் என்பதே எனக்குப் பெரிய அபாயமாகப் படுகிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தக் கருவிகளைப் பொம்மை என்று ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கேரொலின் பார்க்ஜான் உள்ளிட்ட அதன் ஆய்வாளர்கள், பல மாநிலங்களில் அரசு நிலையங்களின் பக்கத்திலேயே இருந்த கருவிகளின் அளவுகளை ஒப்பிட்டார்கள். பிழை தாறுமாறானதல்ல, ஓர் ஒழுங்கில் வருகிறது என்று கண்டார்கள். ஈரப்பதம் கூடினால் துகள் நீரை உறிஞ்சி ஊதிவிடுகிறது. அதையும் கணக்கில் சேர்த்தார்கள். கருவி சொல்லும் துகள் அளவை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழித்து, 5.75 கூட்டினால் உண்மைக்கு நெருங்கிவிடலாம். இரண்டு சென்சார்களும் ஒத்துப்போகாத அளவுகளைத் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கு போன்ற இந்த ஒரு வரிச் சூத்திரம்தான் கதையின் உயிர்.

2020 ஆகஸ்டில், அமெரிக்க வனத்துறையோடு சேர்ந்து நடத்தும் ‘தீ, புகை வரைபட’த்தில் திருத்தப்பட்ட இந்த எண்களை முகமை சேர்த்தது. நிரந்தர நிலையங்களுக்கு வட்டம், தீ எரியும் இடத்துக்குக் கொண்டுபோகும் தற்காலிகக் கருவிகளுக்கு முக்கோணம், மக்களின் சென்சார்களுக்குச் சதுரம். அதே மாதம் மழையில்லா மின்னல் கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீ வைத்தது. அந்த ஆண்டு அங்கே 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது.

செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறத்தில் இருண்டது. ஆனால் புகை உயரத்தில் தங்கியிருந்ததால், தரையில் காற்று அந்த வானம் மிரட்டிய அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. வானம் வெளிறிய அடுத்த நாட்களில்தான் புகை கீழே இறங்கியது. கண்ணை நம்பியவர் ஏமாந்திருப்பார். எண்ணைப் பார்த்தவர் ஏமாந்திருக்க மாட்டார்.

குறை தீர்ந்துவிடவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில்தானே சதுரம் முளைக்கும்? வசதியான தெருக்களில் அவை நெருக்கமாக இருக்கின்றன; கூலித் தொழிலாளர்கள் வாழும் ஊர்களில் அரிது. நுண்துகளுக்கான காற்றுத் தரக் குறியீடு 151-ஐத் தொட்டால் வெளியில் வேலை செய்பவருக்கு முதலாளி முகக்கவசம் கொடுத்தாக வேண்டும் என்று 2019 முதல் கலிபோர்னியாவில் விதி இருக்கிறது. அந்த எண் மிக அவசரமாகத் தேவைப்படுவது புகையில் நின்று திராட்சை பறிப்பவருக்குத்தான். அவருடைய ஊரில் அரசே கருவி மாட்ட வேண்டும்.