திருட்டு விசிடி

திருட்டு விசிடி: தமிழ்த் திரைப்படங்களை உரிமையாளரின் அனுமதியின்றிப் படியெடுத்து விற்பதற்கும் காட்டுவதற்கும் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர். வட்டுகள் கடைகளிலிருந்து மறைந்த பின்னும் இணையத் திருட்டைப் பலர் இப்பெயராலேயே சுட்டுகின்றனர். இத்திருட்டின் வரலாறும், அதற்கு எதிராகத் திரைத்துறை நாடிய சட்டங்களும், படம் பார்வையாளரைச் சென்றடையும் வழி மின்னணுமயமான விதமும் இக்கட்டுரையில் கூறப்படுகின்றன.

படச்சுருள் காலம்

35 மி.மீ. படச்சுருளைப் படியெடுக்க ஆய்வகம் தேவைப்பட்டதால் 1980-க்கு முன்பு படத்தைத் திருடுவது எளிதாக இல்லை. அக்காலப் புகார்கள் பெரும்பாலும் அரங்குகள் வசூலைக் குறைத்துக் காட்டுவது பற்றியவை. டிக்கெட் கணக்கைப் பார்க்க விநியோகஸ்தர்கள் ஊர் ஊராக 'ரெப்' என்னும் பிரதிநிதிகளை அனுப்பினர்.

வீடியோ கேசட்

1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் கேசட் கருவிகளும் வந்து சேர்ந்தன. வாங்க வசதியில்லாதவர்கள் 'டெக்கு' எனப்பட்ட அக்கருவியை வாடகைக்கு எடுத்தனர். தொலைக்காட்சி, டெக்கு, மூன்று கேசட்டுகள், இவற்றை இயக்க ஓர் ஆள் என எல்லாம் ஓரிரவுக்கு வந்து இறங்கும். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்றால் தெருவே பாய் விரித்து விடியவிடியப் பார்த்தது. மூன்றாவது படத்தின் முடிவுவரை விழித்திருந்தவர்கள் சிலரே. தொலைதூரப் பேருந்துகள் 'வீடியோ கோச்' என்று எழுதிக்கொண்டு ஓடின. அவற்றில் ஓடிய புதுப்படங்கள் எங்கிருந்து வந்தன என்று பயணிகள் கேட்டதில்லை, தயாரிப்பாளர்கள் கேட்டனர்.

வீடியோ காட்சிகளை உரிமத்துக்கு உட்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1984-இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை மத்திய அரசு திருத்தி, வீடியோப் படங்களையும் அதில் தெளிவாகச் சேர்த்தது. மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி பிறந்தது. 1990-களில் கேபிள் பரவியதும் உள்ளூர் ஆபரேட்டர்கள் தங்கள் வீடியோ சேனலில் புதுப்படம் ஓட்டுவது தனிச் சிக்கலாயிற்று.

1983-க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் லண்டன், பாரிஸ், டொராண்டோ முதலிய நகரங்களில் நடத்திய மளிகைக் கடைகளில் தமிழ்ப்படக் கேசட்டுகளும் வாடகைக்குக் கிடைத்தன. லண்டனில் தொடங்கிய ஐங்கரன் முதலிய நிறுவனங்கள் வெளிநாட்டு வீடியோ உரிமையை முறையாக வாங்கி விற்கத் தலைப்பட்டன.

விசிடியும் பர்மா பஜாரும்

இவ்வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படுவது, ஏறத்தாழ 1990-களின் இறுதியிலிருந்து 2010 வரையிலான காலம். விசிடி என்னும் வீடியோ வட்டுக்கான தரம் வகுக்கப்பட்டது 1993-இல். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடப் படம் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு இரண்டு வட்டுகள் போதாமல் மூன்று தேவைப்படுவதும் உண்டு. இயக்குநர் வைத்த இடைவேளை ஓரிடத்திலும் வட்டு மாற்றும் இடைவேளை வேறோரிடத்திலும் வரும். பாட்டின் நடுவே எழுந்து வட்டை மாற்றிய அனுபவம் அத்தலைமுறைக்குப் பொது.

கேசட்டிலிருந்து விசிடி அடிப்படையில் வேறுபட்டது. கேசட்டைப் படியெடுக்கப் படம் ஓடும் நேரம் முழுவதும் ஆகும். படிக்குப் படி தெளிவும் மங்கும். வட்டுக்கு இவ்விரு குறைகளும் இல்லை. சீனத் தயாரிப்புப் பிளேயர்களின் விலையும், கணினியில் பொருத்தும் சிடி ரைட்டரின் விலையும் சரிந்தபோது, ஓர் அறையும் சில கணினிகளும் தொழிற்கூடம் ஆயின.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜார் இவ்வணிகத்தின் முகவரி ஆயிற்று. அங்கு நடந்துபோகிறவரின் காதருகே வந்து "புதுப்படம் வேணுமா சார்?" என்று கேட்பார்கள். வட்டு கடையில் இருக்காது. கேட்டால் ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து வருவான். சரக்கின் தரத்துக்கென வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று இருந்தது. திரையரங்கில் கேமராவை மறைத்து எடுத்தது 'தியேட்டர் பிரிண்ட்' அல்லது 'கேமரா பிரிண்ட்'. அதில் முன்வரிசைத் தலைகள் குறுக்கே போகும், நாயகன் அறிமுகத்தில் விசில் காதைப் பிளக்கும், நகைச்சுவைக் காட்சியில் கூட்டத்தின் சிரிப்பும் சேர்ந்து பதிவாகியிருக்கும். ஒலியைத் தனியே நேரடியாக எடுத்துச் சேர்த்தது அதற்கு ஒரு படி மேல். 'ஒரிஜினல் பிரிண்ட்' வந்துவிட்டது என்றால் வெளிநாட்டு டிவிடி வெளியாகிவிட்டது என்று பொருள். டிவிடி பரவியதும் 'த்ரீ இன் ஒன்', 'ஃபைவ் இன் ஒன்' வட்டுகள் வந்தன. ஒரே உறையில் ரஜினி, விஜய், அஜித் மூவரின் படங்களும் சண்டையின்றிச் சேர்ந்திருந்த காட்சி அக்காலச் சுவரொட்டிகளில்கூடக் காணக் கிடைக்காதது.

திருட்டு ஏன் இவ்வளவு வேகமாக வேரூன்றியது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. டிக்கெட் விலையே காரணம் என்போர் உண்டு. விலை மலிவாக இருந்த சிற்றூர்களிலும் வட்டு விற்றதைச் சுட்டி இதை மறுப்போரும் உண்டு. விநியோக முறையில் இருந்த காலதாமதத்தை இன்னும் வலுவான காரணமாகக் கொள்ளலாம். படத்தின் உரிமை தமிழ்நாட்டில் செங்கல்பட்டு, கோவை, மதுரை, சேலம், திருச்சி-தஞ்சை, நெல்லை-குமரி எனப் பல 'ஏரியா'க்களாகப் பிரித்து விற்கப்பட்டது. பிரதி ஒன்றுக்கு ஆகும் செலவு மிகுதி என்பதால் எடுக்கப்பட்ட பிரதிகள் முதலில் 'ஏ சென்டர்' எனப்பட்ட நகர அரங்குகளுக்குப் போகும். அங்கே ஓடித் தேய்ந்த பின்னரே 'பி', 'சி' சென்டர்களுக்கு இறங்கும். பக்கத்துப் பக்கத்து ஊர் அரங்குகள் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொண்டு, ஓடி முடிந்த ரீலை வண்டியில் வைத்து அடுத்த ஊருக்கு விரட்டியதும் உண்டு. சிற்றூர் அரங்குக்குப் படச்சுருள் அடங்கிய 'பெட்டி' வந்து சேர வாரங்கள் ஆன நிலையில், திருட்டு வட்டு அதற்கு முன்பே பேருந்து நிலையக் கடைக்கு வந்துவிட்டது.

மூலப் பிரதி எங்கிருந்து கசிந்தது என்பதும் தீராத வழக்கு. 'எஃப்.எம்.எஸ்.' என்று வணிகத்தில் சுருக்கமாகச் சொல்லப்பட்ட வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் உரிமையைத் தயாரிப்பாளர்கள் பலர் குற்றம் சாட்டினர். அயல்நாட்டுக்குப் பெட்டி சில நாள் முன்னதாகவே அனுப்பப்பட்டதும், அங்கே டிவிடி சில வாரங்களில் வெளிவந்ததும் அவர்கள் காட்டிய சான்றுகள். உள்ளூர்த் திரையரங்குகளும் பின்தயாரிப்புக் கூடங்களுமே ஊற்று என்று வெளிநாட்டு விநியோகஸ்தர்கள் திருப்பிக் கூறினர். இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன.

குண்டர் சட்டம்

காவல்துறையில் வீடியோத் திருட்டுத் தடுப்புக்கெனத் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. 'குண்டர் சட்டம்' எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் கடத்துவோர், ரவுடிகள் முதலியோருக்காக இயற்றப்பட்டது. 2004-இல் ஜெயலலிதா அரசு வீடியோத் திருடர்களையும் அதில் சேர்த்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை சிறைவைக்க இச்சட்டம் இடந்தருகிறது. திரைத்துறை இதைக் கொண்டாடியது. வட்டு விற்ற நடைபாதை வியாபாரி சிக்கினார், வட்டை அச்சிட்டவர் சிக்கவில்லை என்ற விமர்சனமும் அன்றே எழுந்தது. இச்சட்டத்தின் கீழான ஆணைகள் பல, நடைமுறைக் குறைகளுக்காக உயர்நீதிமன்றத்தில் ரத்தாவது வழக்கம். நடிகர்களும் தயாரிப்பாளர்களும் தாங்களே கடைகளுக்குள் நுழைந்து வட்டுகளைப் பிடித்துக்கொடுத்த செய்திகள் அப்போது நாளிதழ்களில் அடிக்கடி வந்தன.

விலையைக் கொண்டே எதிர்க்கும் முயற்சியும் நடந்தது. வெற்று வட்டுத் தயாரிப்பில் உலக அளவில் முன்னணியில் இருந்த மோசர் பேர் நிறுவனம் படங்களின் வீடியோ உரிமையை வாங்கி, 2007 முதல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு வட்டோடு போட்டியிடும் விலை இது. ஆனால் அந்த விலையில் கிடைத்தவை பெரும்பாலும் பழைய படங்கள். இந்நிறுவனம் 'பூ' (2008) போன்ற தமிழ்ப்படங்களின் தயாரிப்பிலும் பங்கு கொண்டது. வட்டுச் சந்தை சரிந்த பின் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று.

க்யூப், கே.டி.எம்., நீர்க்குறி

காலதாமதத்தை உண்மையில் ஒழித்தது மின்னணுத் திரையிடல். சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப் முறையும், யு.எஃப்.ஓ. நிறுவனத்தின் செயற்கைக்கோள் முறையும் 2005 முதல் அரங்குகளில் இடம்பிடித்தன. பூட்டிய கோப்பாகப் படம் போகும். எந்த அரங்கில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை திறக்கலாம் என்பதைச் சாவியாக வரும் 'கே.டி.எம்.' தீர்மானிக்கும். ஒரே வெள்ளிக்கிழமையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாவது வழக்கமாயிற்று. நூறு நாள் ஓட்டம் அருகி முதல் மூன்று நாள் வசூலே கணக்கானது. பெட்டி வரவில்லை என்று ரசிகர்கள் கூச்சலிட்ட இடத்தில் இப்போது கே.டி.எம். வரவில்லை என்கிறார்கள். கடன் பாக்கி தீராமல் சாவி நள்ளிரவுவரை நிறுத்தப்படுவது பெரிய படங்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாத நீர்க்குறி பதிப்பது இம்முறையின் உடன்விளைவு. திருட்டுப் பிரதியை ஆராய்ந்தால் எந்த அரங்கில், எப்போது பதிவானது என்று தெரிந்துவிடும். இவ்வாறு அடையாளம் காணப்பட்ட சில அரங்குகளுக்குப் படம் தருவதை நிறுத்தும்படி தயாரிப்பாளர் சங்கம் 2018-இல் கோரியது.

மின்னணுத் திரையிடல் புதுச் சண்டையையும் கொண்டுவந்தது. திரைக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் வசூலிக்கப்படும் வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்து, விஷால் தலைமையிலான தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச் 1 முதல் புதுப்பட வெளியீட்டை நிறுத்தியது. புரொஜெக்டரின் விலை எப்போதோ வசூலாகிவிட்டது, இனி அரங்குகளே ஏற்கட்டும் என்பது அவர்கள் வாதம். அது சேவைக் கட்டணம் என்பது நிறுவனங்களின் பதில். ஒன்றரை மாதத்துக்குப் பின் அரசு நடுவில் நின்று உடன்பாடு கண்டது. ஏப்ரல் 20-இல் கார்த்திக் சுப்புராஜின் 'மெர்க்குரி' வெளியானது. நீண்ட மௌனத்துக்குப் பின் திரைக்கு வந்தது வசனமே இல்லாத படமாக அமைந்தது தற்செயல்.

வீட்டுக்கே படம்

2013 ஜனவரி 11-இல் திரைக்கு வரவிருந்த 'விஸ்வரூபம்' படத்தை முந்தைய இரவே டி.டி.எச். தொலைக்காட்சி வழியாக 1,000 ரூபாய்க்குக் காட்டுவதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தனர், வெளியீடு தள்ளிப்போனது. பிறகு இஸ்லாமிய அமைப்புகளின் எதிர்ப்பும் அரசின் தடையும் வந்து, தமிழ்நாட்டில் படம் பிப்ரவரி 7-இல்தான் வெளியானது. டி.டி.எச். திட்டம் அறிவித்த வடிவில் நிறைவேறவில்லை. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் 'சி2எச்' என்ற அமைப்பின் மூலம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வீடுகளுக்குக் கொண்டுசென்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை.

இணையம்

2011 நவம்பரில் '3' படத்தின் பாடல் ஒன்று அரைகுறை வடிவில் கசிந்தது. படக்குழு உடனே முறையான பதிவை வெளியிட, 'கொலவெறி' உலகைச் சுற்றியது. கசிவு ஒரு படத்துக்கு இவ்வளவு விளம்பரம் தேடித்தந்தது அரிது. அதே படத்துக்காக 2012 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் தெரியாத நபர்களுக்கு எதிரான தடையாணை பெறப்பட்டது. ஏப்ரலில் தெலுங்குப் படமான 'தம்மு'வுக்கும் அவ்வாறே. இணையச் சேவை நிறுவனங்கள் சில, திருட்டு இணைப்புகளை மட்டும் தடுக்காமல் விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே முதலிய தளங்களையே முடக்கின. அனானிமஸ் என்னும் ஹேக்கர் குழுவினர் பதிலுக்கு இணையத் தாக்குதல் நடத்தினர். ஜூனில் பல நகரங்களில் முகமூடிப் போராட்டம் நடந்தது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் அம்மாதமே விளக்கியது.

2011 வாக்கில் தோன்றிய தமிழ்ராக்கர்ஸ், ஒரு முகவரி முடக்கப்பட்டால் வேறொன்றில் முளைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டது. அதை நடத்தியோர் யார், எங்கிருந்து இயங்கினர் என்பது பற்றிப் பலவகைக் கூற்றுகள் உண்டு. 2018-இல் கேரளக் காவல்துறை சிலரைக் கைது செய்த பின்னும் தளம் இயங்கியது. அவ்வாண்டு ஜூனில் சிங்கப்பூர்த் திரையரங்கு ஒன்றிலிருந்து 'காலா' முகநூலில் நேரலையாக ஓடியது. அதைச் செய்தவர் கைதானார். நவம்பரில் '2.0' வெளியாகும் முன்பே 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்படியும் முதல் நாளிலேயே திருட்டுப் பிரதி வந்துவிட்டது. 2020 அக்டோபரில் தமிழ்ராக்கர்ஸ் மறைந்ததாகச் செய்தி வந்தது. அதே வேலையை வேறு பெயர்த் தளங்கள் தொடர்ந்தன.

ஓ.டி.டி.

கொரோனா முடக்கத்தில், 2020 மே 29-இல் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமல் அமேசான் பிரைம் என்னும் ஓ.டி.டி. (இணையவழித் திரையிடல்) தளத்தில் வெளியானது. தயாரித்த 2டி நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடமாட்டோம் என்று அரங்கு உரிமையாளர்கள் எச்சரித்தனர். நவம்பரில் அதே நிறுவனத்தின் 'சூரரைப் போற்று' அதே வழியில் வந்தது. 2021 ஜனவரியில் 'மாஸ்டர்' திரைக்கு வரும் முன்பே அதன் காட்சிகள் கசிந்தன. திரைக்கு வந்த 16 நாளில் ஓ.டி.டி.யிலும் வெளியானது. திரையரங்குக்கும் ஓ.டி.டி.க்கும் இடையே நான்கு வாரமா, எட்டு வாரமா என்ற பூசல் தொடர்கிறது. ஓ.டி.டி.யில் படம் வந்த சிறிது நேரத்தில் தெளிவான திருட்டுப் பிரதியும் வந்துவிடுவதால், கேமரா பிரிண்டின் ஆயுள் சுருங்கியது.

2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், திருட்டுப் பதிவுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது.

படைப்புகளில்

கே.வி. ஆனந்தின் 'அயன்' (2009) படத்தில் சூர்யா ஏற்ற நாயகனின் தொழில்களுள் திருட்டு டிவிடியும் ஒன்று. தமிழ்ராக்கர்ஸைப் பொருளாகக் கொண்ட 'தமிழ் ராக்கர்ஸ்' தொடர், அறிவழகன் இயக்க, அருண் விஜய் நடிக்க, 2022-இல் சோனி லிவ் தளத்தில் வெளியானது. இவ்விரண்டையும் தயாரித்தது ஏவி.எம்.