கா கெட்டுப்போன கதை

போன வாரம் எங்க வீட்டுக்குப் பின்னாடி தென்னந்தோப்புல ஒரு சாரைப்பாம்பு. விஷம் கிடையாது, எலியைப் புடிச்சுத் தின்னுட்டு அதுபாட்டுக்குப் போற ஜென்மம். அக்கா பையன், ஆறு வயசு, "மாமா, அது கண்ணைப் பாக்காதீங்க, மயக்கிரும்!"னு அலறினான். சத்தம் கேட்டு நாலு பேர் கம்போட வந்துட்டாங்க. "சாரைதான்யா, விட்ருங்க"ன்னு நானும் சொன்னேன். ஆனா ரொம்ப மெதுவா சொன்னேன். அடிச்சே கொன்னுட்டாங்க.

இந்தக் கண்ணு சமாச்சாரம் இவனுக்கு எங்கிருந்து வந்துச்சு? எங்க ஆச்சி கதையில பாம்பு பழி வாங்கும், கொம்பேறிமூக்கன் கடிச்சவன் பிணம் எரியுதான்னு சுடுகாட்டு மரத்துல ஏறிப் பார்க்கும். கண்ணை உருட்டி மயக்காது. இது டிஸ்னி சரக்கு. 1967-ல் வந்த 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தில் 'கா' என்கிற மலைப்பாம்பு, கண்ணுக்குள் கலர் கலராக வட்டம் சுழலவிட்டு மோக்லியை விழுங்கப் பார்க்கும். (நிஜப் பாம்புக்கு இமையே கிடையாது. அதான் நம்மளை முறைக்கிற மாதிரியே இருக்கு.)

வேடிக்கை என்னன்னா, கிப்ளிங் 1894-ல் எழுதிய மூலக்கதையில் கா வில்லனே இல்லை. குரங்குக் கூட்டம் மோக்லியைத் தூக்கிப்போனதும், பாலுவும் பகீராவும் உதவி கேட்டு ஓடுவது காவிடம்தான். அதன் ஆட்டத்தில் குரங்குகள் சொக்கிப்போகும், பாலு பகீராவே தடுமாறும். மோக்லிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. இரண்டாம் புத்தகத்தில் செந்நாய்க் கூட்டத்தை ஒழிக்க அவனுக்கு வழி சொல்வதும் காதான். அதுக்காக கிப்ளிங் பாம்புக்கு வக்கீல்னு நெனைச்சிராதீங்க. 'ரிக்கி-டிக்கி-டாவி'யில் கீரி ஹீரோ, நாகங்கள் வில்லன்கள். 1975-ல் அதுவும் கார்ட்டூன் ஆச்சு.

டிஸ்னியில் காவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்டெர்லிங் ஹாலோவே. வின்னி த பூ கரடிக்கும் அவரேதான். ஒரே தொண்டை, கரடிக்குப் போனா பாசம், பாம்புக்குப் போனா வஞ்சகம்! அப்புறம் 1973-ல் 'ராபின் ஹூட்' படத்தின் சர் ஹிஸ், 1992-ல் நாகமா மாறுற ஜாஃபர். 2016-ல் மறுபடி எடுத்த ஜங்கிள் புக்கிலும் கா திருந்தலை.

ஜப்பான்காரங்க எடுத்த மோக்லி தொடர், 1993-ல் தூர்தர்ஷன்ல ஞாயிறு காலையில இந்தியில ஓடுச்சே, ஒரு எழவும் புரியாம வாயைப் பொளந்துட்டுப் பார்த்தோமே, அதுல கா மோக்லியோட கூட்டாளி. 1958-லயே அவங்க வெள்ளைப் பாம்பைக் கதாநாயகியா வெச்சு ஒரு முழுநீளக் கலர் கார்ட்டூன் எடுத்தவங்க.

வத்தலக்குண்டுல இருந்து மலை ஏறினா கொடைக்கானல். அங்கே பள்ளிக்கூடத்தில் படிச்ச ரோமுலஸ் விட்டேகர்தான் பின்னாடி சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கினார். 1978-ல் இருளர்களுக்கு பாம்பு பிடிக்கும் கூட்டுறவுச் சங்கம் அமையவும் துணை நின்றார். பாம்பைப் பிடிச்சு, விஷமுறிவு மருந்துக்காக விஷத்தை எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்ருவாங்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தோப்புல சும்மா நின்னேன்.

அன்னிக்கு ராத்திரி பையனுக்கு மூலக்கதையைச் சொன்னேன். செந்நாய்க் கட்டம் வந்ததும் எழுந்து உக்காந்துட்டான்.

"அப்ப நாம அடிச்சது நல்ல பாம்பா மாமா?"

"இல்லடா, சாரை"ன்னேன்.